பாய்லர் வேலை பார்த்த அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோக்கிறது: கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) காரணமாக இருக்குமா?

கேள்வி: புதுவயல் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு இப்போது 68 வயது. 1978 முதல் 2003 வரை புதுவயலிலும் அதைச் சுற்றியும் உள்ள அரிசி ஆலைகள் மூன்றில் பாய்லர் வேலை பார்த்தவர். நெல் அவிக்கும் நீராவிக்காக உமி எரித்து ஓடும் அந்தப் பாய்லர்களுக்குத் தீ போடுவது, வால்வு மாற்றுவது, நீராவி செல்லும் குழாய்களுக்குச் சூடு காக்கப் பூச்சுப் போடுவது எல்லாம் அவருடைய கைவேலைதான். சாக்கில் வரும் வெள்ளை மாவைத் தண்ணீர் விட்டு வெறுங்கையால் குழைத்துக் குழாயின் மேல் அப்புவார்கள். ஆண்டுதோறும் அரசு ஆய்வாளர் பாய்லரைச் சோதிக்க வருவதற்கு முந்திய வாரத்தில், காய்ந்து இறுகிய பழைய பூச்சை உளி வைத்துக் கொத்தி எடுப்பார்கள். அந்த நாட்களில் அவர் வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெளுத்திருக்கும். அடுப்புக் கதவின் ஓரத்தில் சுற்றும் கயிற்றின் மிச்சத்தை எடுத்து வருவார். அதன் முனையைப் பிரித்து, எரியாத பஞ்சு என்று நானும் தம்பியும் விளையாடியிருக்கிறோம்.

சென்ற தை மாதம் முதல் அவருக்கு மூச்சு வாங்குகிறது. வலப்பக்க நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று இரண்டு முறை எடுத்தார்கள். முதல் முறை மட்டும் ஒன்றரை லிட்டர். நாங்கள் முதலில் சென்ற மருத்துவமனையில் காசநோய் என்று சொல்லி மூன்று மாதம் மாத்திரை கொடுத்தார்கள். அந்த நீரிலும் சளியிலும் காசநோய்க் கிருமி எதுவும் கிடைக்கவில்லை. மாத்திரையை ஒரு நாளும் தவறவிடாமல் சாப்பிட்டும் நீர் மறுபடி கோத்துவிட்டது, உடல் எடையும் 7 கிலோ குறைந்துவிட்டது. இப்போது மதுரையில் பார்க்கும் மருத்துவர், குழாய்க் கேமரா விட்டு நுரையீரல் உறையிலிருந்து சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்கிறார். கத்தி பட்டால் நோய் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள்.

அப்பா 2005 வரை பீடி குடித்தவர். எல்லா மருத்துவர்களும் பீடியைப் பற்றிக் கேட்டார்கள், என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வேலையை விட்டு இருபது ஆண்டுக்கு மேல் ஆன பிறகு அந்த மாவு இப்போது நோயாக வருமா? சதைச் சோதனைக்குச் சம்மதிக்கலாமா? அவருடைய உடுப்புகளை உதறித் துவைத்த அம்மாவுக்கும் ஆபத்து உண்டா? எங்கள் வீட்டின் பின்கட்டில் மாட்டுக்கொட்டகைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருக்கிறோம். அதையும் உடனே எடுத்துவிட வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: நெஞ்சக மருத்துவர், சொந்த ஊர் தேவகோட்டை

சகோதரி, உங்கள் அப்பாவை நேரில் பார்க்காமல் நோய் இன்னதென்று நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வேலை விவரத்தை வைத்துப் பார்த்தால், அவருடைய நுரையீரல் கல்நார்த் தூசியை மிக அதிகமாகச் சந்தித்த ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தக் காலத்தில் பாய்லர் குழாய்களுக்கு அப்பிய வெப்பக் காப்புப் பூச்சுகளிலும், கதவோரக் கயிறுகளிலும், மூடிகளுக்கு இடையில் வைக்கும் அட்டைகளிலும் கல்நார் இருப்பது வழக்கம். குழைக்கும்போது ஈரம் இருப்பதால் தூசி சற்று அடங்கியிருக்கும். சாக்கைக் கொட்டும்போதும், காய்ந்த பூச்சைக் கொத்தும்போதும் கிளம்பும் தூசிதான் மிகவும் கெட்டது.

கல்நார் இழை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியது. மூச்சோடு போய் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை இறங்கிவிடும். அதை விழுங்கி அழிக்க வரும் நம் உடலின் அணுக்களைவிட இழை நீளமாக இருப்பதால், அவை பாதி விழுங்கிய நிலையில் மாண்டுபோக, அந்த இடத்தில் அழற்சி ஓயாமல் நீடிக்கிறது. சிலருக்கு இதனால் நுரையீரலே நார் பாய்ந்து இறுகிவிடும். அதற்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர். சிலருக்கு நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் தடிப்புகள் தோன்றும். அவை புற்றுநோய் அல்ல, இழை உள்ளே போனதற்கான தழும்பு என்று கொள்ளலாம். சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து நுரையீரலில் புற்றுநோய் வரும், அல்லது அந்த உறையிலேயே மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், வெள்ளை, பழுப்பு, நீலம் என எந்த வகைக் கல்நாரானாலும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதி செய்து, குரல்வளை, சூலகம் ஆகியவற்றின் புற்றுநோய்களையும் இந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

இருபது ஆண்டுக்குப் பிறகு வருமா என்று கேட்டீர்கள். இருபது ஆண்டுக்குப் பிறகுதான் வரும் என்பதே இந்த நோயின் இயல்பு. மீசோதீலியோமா பெரும்பாலும் முதல் தூசி பட்டதிலிருந்து 30, 40 ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகிறது. 1978-இல் தொடங்கிய ஒருவருக்கு இப்போது வருவது கணக்குக்குப் பொருந்தாத செய்தி அன்று. தென்னாப்பிரிக்காவின் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் வாழ்ந்தவர்களிடம் இந்த நோயைக் கண்டு வாக்னர் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 1960-இல் எழுதினார்கள். அவர்களுடைய நோயாளிகளில் சிலர் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்கள், சிறு வயதில் அந்தப் பகுதியில் வளர்ந்தவர்கள் மட்டுமே.

பீடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் துறையினர் அதோடு கேள்வியை நிறுத்திக்கொள்வது எனக்கு நெடுநாளைய வருத்தம். அமெரிக்காவிலும் கனடாவிலும் உங்கள் அப்பாவைப் போலவே குழாய்களுக்கு வெப்பக் காப்புப் போட்ட ஏறத்தாழ 17,800 தொழிலாளர்களை செலிகாஃப் என்ற மருத்துவரின் குழு பின்தொடர்ந்து, 1979-இல் கணக்கு வெளியிட்டது. இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு கல்நார் மட்டும் பட்டவருக்கு ஏறத்தாழ 5 மடங்கு, புகை மட்டும் பிடித்தவருக்கு 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தவருக்கு 50 மடங்குக்கும் மேல். ஆகவே பீடி குடித்தார் என்பது கல்நாரை விடுவிக்கும் காரணம் ஆகாது. மீசோதீலியோமாவைப் பொறுத்தவரை புகைக்குப் பங்கே இல்லை.

நம் நாட்டில் ஒரு பக்க நெஞ்சில் நீர் கோத்தால் காசநோயை முதலில் நினைப்பது தவறில்லை. அதுதான் இங்கே மிகுதியாகக் காணப்படுவது. ஆனால் கிருமியும் கிடைக்காமல், நீரில் பார்க்கும் ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவும் காசநோயைக் காட்டாமல், மருந்து சாப்பிட்டும் நீர் மறுபடி கோத்து எடையும் குறைந்தால், அந்த முடிவை மறுபடி எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும். நீரை மட்டும் சோதித்து மீசோதீலியோமாவை உறுதி செய்வது பல நேரங்களில் இயலாது. சதை வேண்டும், அந்தச் சதையில் சிறப்புச் சாயச் சோதனைகளும் வேண்டும். கத்தி பட்டால் பரவும் என்ற அச்சத்தில் சிறிதளவு உண்மை இருப்பதால் அதையும் மறைக்காமல் சொல்கிறேன்: மீசோதீலியோமாவில் குழாய் விட்ட இடத்தில் தோலுக்கடியில் சிறு கட்டி தோன்றுவது உண்டு. அதற்கு மருத்துவம் செய்ய முடியும். உடம்பெல்லாம் பரவிவிடும் என்பது உண்மையன்று. சோதனைக்குச் சம்மதியுங்கள். கேமரா விடும் அதே வேளையில் நீர் மறுபடி கோக்காதபடி மருந்து தூவி உறையை ஒட்டவைக்கவும் முடியும். உங்கள் அப்பாவின் மூச்சுத் திணறலுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருக்கும். காசநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், மதுரை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அம்மாவைப் பற்றிய கேள்வி நியாயமானது. 1965-இல் லண்டனில் நடந்த ஓர் ஆய்வில், கல்நார்த் தொழிலாளர்களின் வீட்டில் அவர்களுடைய உடுப்பைத் துவைத்த பெண்களிடமும் மீசோதீலியோமா காணப்பட்டது. அதற்காக அம்மாவுக்கு வந்தே தீரும் என்று பொருள் இல்லை; இவ்வளவு தூசிக்கு உள்ளான தொழிலாளர்களிலேயே பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதில்லை. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஆண்டுதோறும் ஸ்கேன் எடுப்பதால் மீசோதீலியோமாவைத் தடுக்கவோ வெல்லவோ முடியும் என்பதற்குச் சான்று கிடையாது. நீடித்த இருமல், மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, காரணமில்லாத வயிற்று வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். காட்டும்போது கணவரின் வேலையை முதல் வரியாகச் சொல்லுங்கள். நீங்களும் தம்பியும் அந்தக் கயிற்றோடு விளையாடியதையும் உங்கள் மருத்துவக் குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2: கல்லல், ஓய்வு பெற்ற கப்பல் பட்டறைத் தொழிலாளி

மகளே, உன் எழுத்தைப் படித்துவிட்டு இரவு உறக்கம் வரவில்லை. நான் 1981-இல் சிங்கப்பூருக்குப் போய், ஒரு கப்பல் பட்டறையில் பழைய கப்பல்களின் எந்திர அறைக்குள் இறங்கி, குழாய்களைச் சுற்றியிருந்த பழைய உறையைப் பிய்த்தெடுக்கும் வேலையில் ஆண்டுக்கணக்கில் இருந்தவன். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் அந்த வேலைக்கு வந்தார்கள். முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வோம், அதுவே பாதுகாப்பு என்று நம்பினோம். விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தூசி மினுமினுத்துக்கொண்டு மிதப்பதை இன்றும் கண்ணை மூடினால் பார்க்கிறேன்.

எனக்கு இப்போது 70 வயது. இரு பக்க உறையிலும் தடிப்பு, அடி நுரையீரலில் இறுக்கம். மாடிப்படி ஏறினால் பாதியில் நிற்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் என் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது, அந்தப் பெயருக்கு ஒரு காரணமும் கிடைத்தது. அங்கே என்னைப் பார்த்த மருத்துவர் எந்தக் கப்பல், எந்த அறை, எத்தனை மாதம், பக்கத்தில் யார் நின்றார்கள் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டார். ஊருக்குத் திரும்பிய பிறகு நான் காட்டிய எந்த மருத்துவரும் அப்படிக் கேட்டதில்லை. அங்கே எழுதிக் கொடுத்த அந்தத் தாளைத்தான் இன்றும் எல்லா இடத்துக்கும் எடுத்துப் போகிறேன்.

அதனால் சொல்கிறேன்: அப்பா தெம்பாகப் பேசும்போதே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காரு. எந்த ஆலை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, பாய்லர் எவ்வளவு பெரியது, பூச்சு கொத்தும் வேலை ஆண்டில் எத்தனை நாள், சாக்கில் என்ன எழுதியிருந்தது, உடன் வேலை பார்த்தவர்கள் யார் யார், அவர்களில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று அத்தனையும் எழுது. ஒரே நாளில் எழுதி முடிக்காதே. பழைய ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மேலே வரும்.

மறுமொழி 3: காரைக்குடி, தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்

ஐயா சொல்லும் நோட்டு மருத்துவத்துக்கு மட்டுமல்ல, சட்டத்துக்கும் அடிப்படை. 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் தொழில்சார் நோய்களாகப் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளன. ஆஸ்பெஸ்டோசிசும் அதே அட்டவணையில் உண்டு. வேலையை விட்ட பிறகு நோய் வெளிப்பட்டாலும், அந்த வேலையால் வந்தது என்று நிறுவ முடிந்தால் உரிமை கோரலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு என்றாலும் போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க இடமுண்டு. அப்பா இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்தவர் என்றால் வழி வேறு: இழப்பீட்டை அதை நடத்தும் கழகத்திடம்தான் கோர வேண்டும், ஆலை முதலாளியிடம் அல்ல. ஆகவே முதலில் பழைய இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். இந்தச் சட்டங்கள் இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் கொண்டுவரப்பட்டுள்ளதால், எந்தச் சட்டத்தின் கீழ் மனு போடுவது என்பதை ஆவணங்களைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

உச்ச நீதிமன்றம் 1995 சனவரியில் அளித்த ஒரு தீர்ப்பில், கல்நார்த் தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகளோ, ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகளோ, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நோய் இவ்வளவு தாமதமாக வருவதை நீதிமன்றம் உணர்ந்து கொடுத்த நல்ல ஆணை அது. ஆனால் ஷீட் செய்யும் ஆலைக்குக் கிடைத்த அந்தக் காப்பு, கல்நாரை வாங்கிக் குழாயில் அப்பிய அரிசி ஆலையின் தொழிலாளிக்கு நடைமுறையில் வந்து சேரவில்லை. நம் பக்கத்து ஆலைகள் பலவற்றில் சம்பளப் பதிவேடுகூட ஒழுங்காக இருந்ததில்லை. சில ஆலைகள் மூடப்பட்டு இடமே கைமாறிவிட்டது.

ஆனால் பாய்லர் வேலைக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. பாய்லர் என்பது அரசின் பதிவு எண் பெற்று ஆண்டுதோறும் சோதிக்கப்படும் பொருள். அதை இயக்குபவர் தேர்வு எழுதித் தகுதிச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். உங்கள் அப்பாவிடம் பாய்லர் அட்டெண்டன்ட் சான்றிதழ் இருந்தால், அவர் அந்தத் தொழிலில் இருந்தவர் என்பதற்கு அரசு முத்திரையுள்ள சான்று அதுவே. பழைய டிரங்குப் பெட்டியில் தேடிப் பாருங்கள். சதைச் சோதனை முடிவு வந்ததும் மருத்துவ அறிக்கையில் தொழில் விவரமும் இடம்பெற வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். 'முன்னாள் கூலித் தொழிலாளி' என்ற ஒற்றை வரியால் பின்னாளில் தோற்ற வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவச் செலவுக்கு, வருமான வரம்புக்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டையை இப்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 4: கானாடுகாத்தான், பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் மேஸ்திரி

கூரையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். நம் பக்கத்து வீடுகளில் முகப்பும் வளவும் ஓட்டுக் கூரையோடு நிற்க, பின்கட்டில் ஓடு சரிந்த இடங்களில் எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஏறியிருக்கிறது. சிமெண்டோடு இறுகிய ஷீட் உடையாமல், பொரியாமல் இருக்கும்வரை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். அடியில் படுத்தாலே நோய் வரும் என்பதில்லை. அறுப்பதும், துளைப்பதும், உடைப்பதும், பாசியைக் காய்ந்த நிலையில் தேய்த்துச் சுரண்டுவதும்தான் கெடுதல்.

எடுக்கத்தான் வேண்டும் என்றால் ஷீட்டை நன்றாக நனைத்து, துருப்பிடித்த ஜே போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஸ்பேனரால் கழற்றி, முழு ஷீட்டாக இறக்குங்கள். ஆட்கள் நேரம் மிச்சமாகும் என்று சுத்தியலால் தட்டி உடைப்பார்கள், கிரைண்டர் கேட்பார்கள். இரண்டுக்கும் இடம் கொடுக்காதீர்கள். துணி முகமூடியால் பயனில்லை, நுண்தூசியை வடிகட்டும் முகமூடி வேண்டும். சித்தாளாக வரும் பெண்களைக் காய்ந்த தூளைக் கூட்டச் சொல்லாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் சேர்த்துத் தடித்த பாலிதீனில் கட்டுங்கள். உடைந்த துண்டுகளை ஊருணிக் கரையிலும் கண்மாய்ப் பள்ளத்திலும் கொட்டும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது, அதைச் செய்யவே கூடாது. இருபது ஆண்டு இந்த வேலையை இதெல்லாம் தெரியாமலே செய்தேன். என்னோடு நின்ற பிள்ளைகளை நினைத்தால் மனம் வேகிறது.

புதுவயல் மகள்

எல்லோருக்கும் நன்றி. சோதனைக்கு அப்பாவே சம்மதம் சொல்லிவிட்டார். அடுத்த புதன்கிழமை மதுரையில் சேர்க்கிறோம். மருத்துவர் ஐயா எழுதியதை அத்தை, சித்தப்பா எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நீர் கோக்காமல் ஒட்டவைக்க முடியும் என்ற வரிக்குப் பிறகு யாரும் தடுக்கவில்லை.

சென்ற வாரம் மதுரை மருத்துவரிடம் அப்பாவின் வேலையைப் பற்றி நானே பேச்சை எடுத்தேன். அவர் உடனே நிமிர்ந்து, "ஆஸ்பெஸ்டாஸில் வேலை பார்த்தீர்களா?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா, "இல்லை ஐயா, எங்கள் வீடு ஓட்டு வீடு, மாட்டுக்கொட்டகைக்கு மட்டும்தான் அது" என்றார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அப்பாவுக்கு ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கூரைக்குப் போடும் ஷீட். 25 ஆண்டு கையால் குழைத்ததற்கு அந்தப் பெயர் இருப்பது அவருக்குத் தெரியாது. ஆலையில் அதைப் பூச்சு மாவு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு முன் யாராவது கேட்டிருந்தாலும் இல்லை என்றே பதில் சொல்லியிருப்பார். சாக்கு, வெள்ளை மாவு, உளி, கயிறு என்று ஒவ்வொன்றாக நான் சொல்லச் சொல்ல, மருத்துவர் நோயாளிச் சீட்டில் பாதிப் பக்கம் எழுதிக்கொண்டார்.

டிரங்குப் பெட்டியில் அப்பாவின் பாய்லர் சான்றிதழ் கிடைத்தது. ஓரம் செல்லரித்திருந்தாலும் எண்ணும் முத்திரையும் தெளிவாக இருக்கின்றன. இ.எஸ்.ஐ. அட்டை இல்லை. நோட்டில் இதுவரை ஒன்பது பக்கம் ஆகியிருக்கிறது. உடன் வேலை பார்த்தவர்களாக அப்பா ஆறு பேரின் பெயர் சொன்னார். அவர்களில் இரண்டு பேர் நெஞ்சில் தண்ணீர் கோத்து இறந்தவர்கள். அந்த இரண்டு வீட்டிலும் அது காசநோய் என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருடைய மனைவி கண்டனூரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன், பழைய எக்ஸ்ரே ஏதேனும் வைத்திருக்கிறாரா என்று கேட்க வேண்டும்.